5,299 வெள்ளிக்கு விஷன் ப்ரோ: போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கண்ணை மூடித் தலையில் மாட்டிக்கொண்டு திரை பார்க்கும் ஹெட்செட்டான ஆப்பிள் விஷன் ப்ரோ சிங்கப்பூருக்கு 2024 ஜூன் 28 அன்று வந்தது, தொடக்க விலை 5,299 வெள்ளி. அன்றிலிருந்தே ஒரு கண் அதன் மேல்தான். வேலைக்கும் ஆகும், படம் பார்க்கவும் ஆகும் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். யாரும் நம்பவில்லை, அது வேறு விஷயம். ஆர்ச்சர்ட் ரோடு கடையில் டெமோவுக்குப் பதிந்து, போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

டெமோவுக்குக் காசு இல்லை, சுமார் அரை மணி நேரம். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் அதையும் எடுத்துப் போங்கள். அதன் பவரை அங்கேயே மெஷினில் அளந்து, அதற்கேற்ற லென்ஸை உள்ளே மாட்டித் தருவார்கள். வாங்கும்போது அந்த லென்ஸுக்குத் தனிக் காசு. ஒரு வீடியோவில் பள்ளத்தாக்கின் மேல் கயிறு போலக் கட்டிய பட்டையில் ஒரு பெண் நடக்கிறாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்குக் கால் கூசிவிட்டது. அந்த அளவில் இதை அடிக்க எதுவும் இல்லை.

எனக்குச் சந்தேகம் வேலையில்தான். அலுவலக நண்பர் ஒருவரின் ஹெட்செட்டை ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டரோடு இணைத்துப் பார்த்தேன். இரண்டு கண்களுக்கும் சேர்த்து 2.3 கோடித் திரைப் புள்ளிகள் (பிக்சல்), அதாவது ஒரு கண்ணுக்கே ஒரு 4கே டிவியை விட அதிகம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவ்வளவு புள்ளிகளும் கண் முன் தெரியும் மொத்தக் காட்சிக்கும் பங்கு போகின்றன. மேக் திரை அதில் ஒரு துண்டுதான். எனவே எக்செல்லின் பொடி எழுத்து மேசை மானிட்டர் அளவுக்குக் கூர்மையாக இராது. பெரிதாக்கி வைத்தால் சரி. கீபோர்டு கையோடு இருக்கட்டும், காற்றில் தட்டி மெயில் எழுதுவது பெரும் பாடு.

இந்த 2024 மாடலின் எடை 600 முதல் 650 கிராம், பேட்டரி தனியாக ஒயரில் தொங்கும். எனக்குக் கழுத்தில் ஏற்கெனவே தேய்மானம். நாள் முழுக்கப் போடுகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பதில்: நான் வைத்திருப்பது இதே மாதிரி இன்னொரு ஹெட்செட், மெட்டா குவெஸ்ட் 3. 2023 அக்டோபரில் 499 அமெரிக்க டாலருக்கு வந்தது, விஷன் ப்ரோவின் அமெரிக்க விலையில் ஏழில் ஒரு பங்கு. எடையும் 515 கிராம்தான். கம்ப்யூட்டர் திரையை இதிலும் கொண்டுவரலாம், ஆனால் எழுத்து தெளிவில் விஷன் ப்ரோ பக்கத்தில் நிற்காது. நான் வாங்கியது விளையாட்டுக்கு, அதற்கு இதுவே தாராளம். படம் பார்க்கிறவர்கள் யோசிக்க வேண்டியது வேறு: சோபாவில் நான்கு பேர் இருந்தால் ஒருவர் மட்டும் பார்ப்பார், மூன்று பேர் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். குடும்பஸ்தருக்கு விஷன் ப்ரோ காசில் அருமையான டிவி வந்துவிடும்.

பதில்: அண்ணே, நான் விஷன் ப்ரோவைத் தினமும் போடுகிறேன். பொங்கோலில் ஒரு ரூம் வாடகைக்கு. கட்டில் போட்டால் மேசைக்கு இடமில்லை, இதில் இரண்டு மானிட்டர் எங்கே வைப்பது? 2024 டிசம்பரில் வந்த விஷன்ஓஎஸ் 2.2 (விஷன் ப்ரோவின் மென்பொருள்) அப்டேட்டில் மேக் திரையை இரண்டு 4கே மானிட்டர் அகலத்துக்கு வளைத்து விரிக்கலாம். என்னைப் போலத் தனியாக, குறுகிய இடத்தில், மேக்கோடு வேலை செய்கிறவனுக்குத்தான் இந்த விலை கொஞ்சமாவது கட்டும். முகத்தைச் சுற்றி வரும் சீல், லென்ஸ் எல்லாமே என் அளவு. வீட்டுக்கு வரும் தங்கைக்கு ஒழுங்காகப் பொருந்தாது.

பேட்டரி 2024 மாடலில் இரண்டு மணி நேரம், வீடியோ மட்டும் என்றால் இரண்டரை. நம்மூர்ப் படம் இடைவேளைக்கு அப்புறம் முடிவதற்குள் தீர்ந்துவிடும், சார்ஜரில் மாட்டியே பாருங்கள். கழுத்துக்கு ஒன்று: 2025 அக்டோபரில் வந்த எம்5 சிப் வைத்த புது விஷன் ப்ரோ மாடல் 750 கிராமுக்கு மேல், ஆனால் அதன் புதுத் தலைப் பட்டையில் எதிர் எடை வைத்திருப்பதால் பாரம் முன்பக்கமாக இழுக்காது. அந்தப் பட்டை பழைய மாடலுக்கும் பொருந்தும், தனியாகவே விற்கிறார்கள். நண்பரின் ஹெட்செட்டில் முதலில் அதை மாட்டிப் பாருங்கள்.