புதுப்பிப்பு: 10 டிகிரி சூடு ஏறினால் வேதிவினையின் வேகம் ஏன் இரட்டிப்பாகிறது?

பிளஸ் டூ மாணவர்களுக்கு இதைக் கண்ணால் காட்ட வழி உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். உங்களில் சிலர் சொன்னபடி கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) என்ற அறிவியல் சிமுலேஷன் தளத்திலுள்ள ‘ரியாக்‌ஷன்ஸ் அண்ட் ரேட்ஸ்’ சிமுலேஷனை வகுப்பில் ஓட்டினோம். அருமையாக வேலை செய்தது.

முதல் பகுதியே போதும் என்பேன். சுருள்வில்லை இழுத்து விட்டால் A என்ற அணு போய் BC என்ற மூலக்கூறு மீது மோதும். பக்கத்திலேயே ஆற்றல் வரைபடம், அதன் நடுவில் ஒரு மேடு. மொத்த ஆற்றல் கோடு அந்த மேட்டுக்குக் கீழே இருந்தால், மோதிவிட்டு அப்படியே திரும்பி வந்துவிடுகிறது. இன்னும் கொஞ்சம் இழுத்து விட்டால் AB உருவாகி C தனியே பறக்கிறது. அந்த மேட்டைத் தாண்டத் தேவையான கிளர்வு ஆற்றலை இதைவிடத் தெளிவாக நான் கரும்பலகையில் விளக்கியதே இல்லை.

அப்புறம் கணக்குக்கு வந்தோம். 300 கெல்வினிலிருந்து 310-க்குப் போனால் மூலக்கூறுகளின் சராசரி வேகம் 2 சதவீதம்கூடக் கூடுவதில்லை. ஆனால் கிளர்வு ஆற்றல் 50 கிலோஜூல்/மோல் என்று வைத்து, வெப்பநிலையையும் வினைவேகத்தையும் இணைக்கும் அர்ஹீனியஸ் சமன்பாட்டில் போட்டால் வினைவேக மாறிலி சுமார் 1.9 மடங்காகிறது. மோதல்கள் பெருகுவதால் அல்ல, மேட்டைத் தாண்டும் மோதல்களின் பங்கு பெருகுவதால். கிளர்வு ஆற்றல் வேறானால் இந்த ‘இரட்டிப்பு’ம் மாறும் என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்.

பல மூலக்கூறுகள் மோதும் பகுதியில் வேகத்தை அளந்து பார்ப்பவர்களுக்கு: அங்கும் மூலக்கூறுகள் குறைவு என்பதால் எண்ணிக்கை ஏறி இறங்கும், சில முறை ஓட்டிச் சராசரி எடுங்கள். AB-யும் C-யும் மோதி மீண்டும் A, BC ஆகும் பின்னோக்கு வினையும் நடக்கும், எனவே தொடக்க வேகத்தையே அளக்க வேண்டும். பழைய ஜாவா நிரல், கணினியில் திறப்பதே நல்லது.

அடுத்து வினையூக்கி. மேட்டின் உயரத்தைக் குறைத்து இதையே திரும்பச் செய்யப் போகிறோம்.