கொப்பி நிரம்புகிறது, டிசைன் மட்டும் வரவில்லை

கொப்பிக்காரி:
கொழும்பில் டிசைன் படிக்கிறேன், இரண்டாம் வருடம். ஸ்கெட்ச் கொப்பி எப்போதும் பையில் இருக்கும். 101 பஸ்ஸில் தூங்கி விழுகிறவர்கள், காலி முகத்திடலில் இறால் வடை விற்கிறவர், புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசல் என்று மூன்று கொப்பி முடித்துவிட்டேன். ஆனால் புரொஜெக்ட் என்று வந்தால் கொப்பியைத் தொடுவதே இல்லை, நேரே லப்டொப்தான். இப்போது பனங்கட்டிக்குப் பெட்டி டிசைன் செய்ய வேண்டும், மூன்று மொழியிலும் எழுத்து. போன கிழமை காட்டியபோது சேர் கொப்பியையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இரண்டும் ஒரே ஆள் செய்ததா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. அப்படியென்றால் ஸ்கெட்ச் வேறு, டிசைன் வேறா? இவ்வளவு நாளும் கீறியது சும்மா பொழுதுபோக்கா?

மழுங்கல் பென்சில்:
வேறு இல்லை தங்கச்சி. பஸ்ஸில் தூங்குகிற ஆளை அவர் எழும்புவதற்குள் கீறி முடிக்க வேண்டும், அதனால் சாய்ந்த தலையையும் கம்பியைப் பிடித்த கையையும் மட்டும் எடுத்துக்கொண்டு சேர்ட் பட்டன், சீட் உறை எல்லாவற்றையும் விட்டுவிடுகிறீர்கள் இல்லையா, எதை விடுவது என்ற அந்த முடிவுதான் டிசைனுக்கும் வேண்டியது. லப்டொப்புக்கு முன்னால் இருந்தவுடன் அதை மறந்து, முதலில் வந்த யோசனைக்கே பொட்டு வைத்துப் பூ வைத்துக்கொண்டிருப்போம். படிக்கிற காலத்தில் ஒரு போஸ்டருக்கு இரண்டு இரவு எழுத்துரு மாற்றிக்கொண்டிருந்தேன். யோசனையே பிழை.

ஒரு தாளில் நெருப்புப் பெட்டி அளவில் இருபது கட்டம் போட்டு, கட்டத்துக்கு இரண்டு நிமிடம், அழிறப்பர் இல்லாமல் கீறுங்கள். முதல் ஏழெட்டும் கடையில் ஏற்கெனவே பார்த்ததாகத்தான் வரும், வரட்டும். அதற்கு முதல் ஒரு பனங்கட்டிக் குட்டான் (பனங்கட்டி போட்டு விற்கிற சின்ன ஓலைப் பெட்டி) வாங்கி அதைக் கீறுங்கள். போட்டோ வேண்டாம்.

மைக்கறை:
மேலே சொன்னது சரி, ஆனால் பென்சிலில் அழகாக இருப்பதெல்லாம் அச்சில் வராது. அச்சகத்தில் இருப்பவன் சொல்கிறேன். பிறவுண் மட்டையில் அடிப்பதென்றால் கவனம், மை ஒளி ஊடுருவக்கூடியது, மஞ்சள் போட்டால் சேற்று நிறம்தான் கிடைக்கும், வெள்ளை வேண்டுமென்றால் வெள்ளை மை தனியாக அடிக்க வேண்டும். தமிழை மிச்ச இடத்தில் ஒடுக்கி வைக்கிற பழக்கமும் வேண்டாம். 5, 6 பொயின்ட் அளவுப் பொடி எழுத்தில் ண, ஞ, இ எல்லாம் சுழிக்குள் மை அடைத்துக் கறுப்புப் புள்ளியாகிவிடும். இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளில் எழுத்தின் கொம்பு பிரிந்து நின்றால் பத்தி அமைப்பில் தெற்காசியக் கம்போசரைத் தெரிவு செய்யுங்கள். பிரிந்த கொம்போடு வருகிற ஃபைல்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

பொரளை வாசி:
கீறாமலே நல்ல டிசைன் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனாலும் ஒரு கோடு எவ்வளவு வேலை செய்யும் என்று பார்க்க ஆசையென்றால் பொரளை கோதமி விகாரைக்குப் போய் வாருங்கள், ஓவியர் ஜோர்ஜ் கீற் சுவரில் தீட்டியவை இருக்கின்றன. அவர் இருந்த 43 குழுவின் (1943இல் கொழும்பில் தொடங்கிய ஓவியர் குழு) மற்ற ஆட்களின் ஓவியங்களைப் பார்க்க பார்ன்ஸ் பிளேஸில் சபுமல் பவுண்டேஷன், அந்தக் குழுவின் ஓவியர் ஹரி பீரிஸ் இருந்த வீடு.

கொப்பிக்காரி:
எல்லோருக்கும் நன்றி. வெள்ளவத்தையில் குட்டான் வாங்கி மூன்று தரம் கீறினேன், மூன்றாவது தரம் தாளைப் பார்க்காமல். கோடு கன்றாவிதான், ஆனால் அப்போதுதான் ஓலை ஒன்றின் கீழ் ஒன்று போய் மூலையில் மடிந்து திரும்புகிற இடம் கண்ணில் பட்டது. ஏற்கெனவே போனில் பத்துப் படம் எடுத்து வைத்திருந்தேன், ஒன்றிலும் அதைக் கவனிக்கவில்லை. அந்த மடிப்பை வைத்தே பெட்டியின் மூடியை யோசிக்கிறேன், பசை இல்லாமல் மூடலாம் போல இருக்கிறது. இருபது கட்டத்தில் பதினாறு குப்பை, இரண்டு பரவாயில்லை, மற்ற இரண்டும் என்னவென்று எனக்கே விளங்கவில்லை. மைக்கறை அண்ணா, தமிழ் இப்போது பெட்டியின் முன்பக்கம் முழுவதும், 6 பொயின்ட் எங்கேயும் இல்லை.

செவ்வாய்க்கிழமை சேரிடம் காட்ட வேண்டும். உள்ளே இருந்த பனங்கட்டியில் பாதியை வீட்டில் பிளேன்டீயோடு கடித்து முடித்துவிட்டார்கள், மீதியைக் குட்டானோடு அலுமாரிக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன், இன்னும் அடிப்பக்கம் கீறவில்லை.