ஒரே வசனம், வீட்டில் இரண்டு விதம்: உங்களுக்கும் நடந்ததா?

கொட்டாஞ்சேனை 13:
நான் கத்தோலிக்கன், மனைவி யாழ்ப்பாணத்து மெதடிஸ்ட். அவளிடம் பழைய வேதாகமம், என்னிடம் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு. இரவு ஜெபத்தில் ஆளுக்கொரு வசனமாக மாறி மாறி வாசிப்போம். 1 யோவான் ஐந்தாம் அதிகாரம் வந்தபோது சிக்கல். அவளுடையதில் ஏழாம் வசனத்தில் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி மூவரும் பரலோகத்தில் சாட்சியிடுகிறார்கள். என்னுடையதில் அதைக் காணவில்லை. "உங்கட ஆக்கள் வெட்டிப்போட்டினம்" என்றாள்.

அவள் போகும் ஜெபக்கூட்டத்தில் கேட்டதற்கு, சந்தேகப்படுவது பிசாசின் வேலை என்று வாயை அடைத்துவிட்டார்கள். எங்கள் ஃபாதர், பூசை முடிந்ததும் வாங்கிலேயே உட்கார்ந்து விளக்கினார். பழைய கிரேக்கப் பிரதிகளில் அந்த வரி இல்லை, லத்தீன் பக்கமிருந்து வந்தது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சில் வெளியிட்ட அறிஞர் எராஸ்மஸ், தன் 1516, 1519 பதிப்புகளில் அதைப் போடவில்லை. எதிர்ப்புக் கிளம்பியது, வரி உள்ள கிரேக்கப் பிரதி ஒன்றும் கொண்டுவந்து காட்டினார்கள், 1522இல் சேர்த்துவிட்டார். அந்தப் பாடத்தை வைத்துச் செய்த மொழிபெயர்ப்புகளில் அதுவும் சேர்ந்து வந்தது. திரித்துவம், அதாவது ஒரே கடவுளில் மூவர் என்ற போதனை, இந்த ஒரு வரியில் தொங்கவில்லை, மூவர் பெயராலும் ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லும் மத்தேயு 28:19ஐப் பாருங்கள் என்றார்.

மனைவிக்கு வேதத்தின்மேல் கோபம் வரவில்லை. "தெரிஞ்சவை ஏன் மறைக்கினம்?" என்பதுதான் அவளுக்கு ஆற்றவில்லை. எனக்கும் அப்படித்தான். அடிக்குறிப்பைப் பார்த்து விசுவாசம் இழந்தவர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. கேட்டதற்குத் திட்டு வாங்கி விலகிப் போனவர்களைத் தெரியும்.

வெள்ளவத்தை அக்கா:
தம்பி, எனக்கு இது ஒஃபிஸில் நடந்தது. கூட வேலை செய்யும் முஸ்லிம் நண்பர் சாப்பாட்டு நேரத்தில், "உங்கட புத்தகத்தை மாத்திட்டாங்க தானே" என்றார். சண்டைக்கு இல்லை, உண்மையாகவே கேட்டார். சாக்கடலுக்குப் பக்கத்தில் கும்ரான் குகையில் 1947இல் கிடைத்த ஏசாயா சுருளைப் பற்றிச் சொன்னேன். ஏழு மீட்டருக்கு மேல் நீளம். அதுவரை கையிலிருந்த முழு எபிரெயப் பிரதிகளைவிட ஏறக்குறைய ஆயிரம் வருடம் பழையது. எழுத்துக்கூட்டலிலும் சில சொற்களிலும் நிறைய வேறுபாடு உண்டு, ஆனால் வாசித்தால் அதே ஏசாயாதான்.

நான் ஓடிட் வேலை செய்கிறவள். ஒரே பில்லுக்கு ஒரு கொப்பிதான் இருந்தால் திருத்தியதைக் கண்டுபிடிக்க வழியில்லை. பத்துக் கொப்பி பத்து இடத்தில் கிடந்தால் மாட்டிக்கொள்ளும். கிரேக்கப் புதிய ஏற்பாட்டுக்கு ஐயாயிரத்துக்கு மேல் கையெழுத்துப் பிரதிகள் இருக்கின்றன, பல துண்டு துண்டாக.

அதோடு நிறுத்தாமல், மாற்கு 16இல் 9 முதல் 20 வரை நான்காம் நூற்றாண்டின் இரண்டு பெரிய பிரதிகளில், சினாய்ட்டிக்கஸிலும் வத்திக்கானுஸிலும், இல்லை என்பதையும் சொன்னேன். "இதை நீங்களே சொல்றீங்களா?" என்று சிரித்தார். அவர் மனம் மாறவில்லை, நானும் மாறவில்லை. இப்போது இந்த மாதிரிக் கேள்வி எது வந்தாலும் நேரே என் மேசைக்குத்தான் வருகிறார்.

முகத்துவாரம் தம்பி:
அக்கா சொல்வது சரி, ஆனால் பொய்யையும் பிழையில்லாமல் கொப்பி எடுக்கலாமே? பிரதிகள் ஒத்துப்போனால் நன்றாகப் பாதுகாத்தார்கள் என்பது தெரியும். நடந்தது உண்மையா என்பது வேறு வழக்கு. பிரசங்கங்களில் இரண்டையும் ஒன்றாகக் குழைத்து ஊற்றுகிறார்கள், அதுதான் எரிச்சல்.

2019 ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு எனக்குப் பிரதிக் கணக்கு ஒன்றும் உதவவில்லை. குண்டு வெடித்த கொச்சிக்கடைக் கோவில் எங்களுக்குப் பக்கம், தெரிந்தவர்கள் இறந்துபோனார்கள். ஆறுதல் வசனம் அனுப்பியவர்களின் மெசேஜைத் திறக்கவேயில்லை. 88ஆம் சங்கீதத்தை மட்டும் வாசித்தேன். அது இருளில் முடிகிறது, சமாதானம் சொல்வதில்லை. ஜனங்களை ஏமாற்ற ஒரு புத்தகம் செய்கிறவன் இதை உள்ளே விட்டிருப்பானா? இது நிரூபணம் இல்லை, தெரியும். என் காரணம் அதுதான்.

கொட்டாஞ்சேனை 13:
தம்பி, அந்தப் பிரிப்பு நியாயம், ஃபாதரிடமும் கேட்கிறேன். அக்கா, மாற்கு பற்றி ஒன்று: எங்கள் பாஸ்கா திருவிழிப்பில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின இரவுப் பூசையில், வாசகச் சுழற்சியில் மாற்கு வரும் வருடம் அந்த 16ஆம் அதிகாரத்தை ஏழாம் வசனத்தோடு நிறுத்துவார்கள். அதே வருடம் விண்ணேற்ற விழாவுக்கு 15 முதல் 20 வரை வாசிப்போம். திருச்சபை அந்தப் பகுதியை வேதமாகவே ஏற்கிறது. உங்கள் சபையில் எப்படி?