கபச்சுரப்பிக் கட்டியும் பிள்ளையின் முகமும்: கிளினிக்கில் கவனிக்கிறவை

கிளிநொச்சி, பிள்ளைகள் வார்ட் தாதி:
மூளைக்குக் கீழ இருக்கிற கபச்சுரப்பியில (பிற்றியூற்றரி) அல்லது அதுக்குக் கிட்ட வாற கட்டி எந்த ஓமோனைக் குறைக்குது, எதைக் கூட்டுது எண்டதைப் பொறுத்துத்தான் முகம் மாறும். பிள்ளைகளுக்கு அந்த இடத்தில கூடுதலா வாறது கிரேனியோஃபரிஞ்சியோமா, புற்றுநோய் இல்லாத ஒரு கட்டி. அது சுரப்பியை நெருக்கினால் வளர்ச்சி ஓமோன் குறையும். நெற்றி எடுப்பாத் தெரியும், மூக்குத்தண்டு தாழ்ந்திருக்கும், கீழ்த்தாடை சின்னனாப் பின்னுக்கு நிற்கும். பத்து வயதுப் பிள்ளையில ஆறு வயது முகம். "தகப்பன் வழி கட்டை" எண்டு வீட்டில விட்டிடுவினம்.

முகத்தை மட்டும் நம்பக்கூடாது, உயரத்தை அளக்கவேணும். 4 வயதுக்குப் பிறகு, பருவமடையும் வரைக்கும் வருசத்துக்கு 5, 6 சென்ரிமீற்றர் வளரும். 4 சென்ரிமீற்றருக்குக் குறைஞ்சால் காரணம் தேடவேணும். சப்பாத்தைக் கழற்றி, குதி, பின்பக்கம், தோள் மூன்றும் சுவரில முட்ட நிற்பாட்டுங்கோ. கண்ணின் கீழ் விளிம்பும் காதுத் துவாரமும் ஒரே மட்டத்தில இருக்கவேணும். உச்சியில மடிச்சுக் கட்டின பின்னலை அவிழ்க்காமல் அளந்தால் இரண்டு சென்ரிமீற்றர் பொய்யா ஏறும். நிண்டுபோன வளர்ச்சி அந்தப் பின்னலுக்குள்ள ஒளிஞ்சிடும்.

முல்லைத்தீவு, பாடசாலைப் பற்சிகிச்சை:
தாதி அக்கா சொன்ன, வளர்ச்சி ஓமோன் குறைஞ்ச பிள்ளைகளுக்குப் பல் முளைக்கிறதும் பிந்தும். 6, 7 வயதில வரவேண்டிய முதல் நிலையான கடைவாய்ப் பல் எட்டரையிலும் வராட்டில் உயரக் கணக்கையும் கேளுங்கோ. தைரொயிட் குறைவு, போசாக்கின்மை இரண்டாலும் பல் பிந்தும், அதால பல்லை மட்டும் வைச்சு முடிவெடுக்கேலாது.

வளர்ச்சி ஓமோனைக் கூட்டுற கட்டி அரிது. அதில கீழ்த்தாடை முன்னுக்கு வரும், பல்லுக்கு இடையில நீக்கல் விழும், நாக்குத் தடிச்சு ஓரத்தில பல் அடையாளம் பதியும், சப்பாத்து அளவு கடகடவெண்டு ஏறும். அந்த நிலையில பல்லுக்குக் கம்பி போட அவசரப்படாதேங்கோ. சிகிச்சையால ஓமோன் அடங்கினால் முகத்தின்ர வீக்கம் வத்தும். வளர்ந்த எலும்பு திரும்பாது. தாடை நிண்ட பிறகுதான் கம்பிக் கணக்கு.

வவுனியா, பிள்ளைகள் கிளினிக்:
வட்ட முகம், சிவந்த கன்னம் எண்டால் முதல்ல மருந்துப் பையைக் கொட்டிப் பாருங்கோ. முட்டுக்கு (ஆஸ்துமா) நெடுக விழுங்கின பிரெட்னிசலோன் எண்ட ஸ்டீரொயிட் குளிசையும் அதே முகத்தைத் தரும். மருந்தே இல்லையெண்டால் வளர்ச்சிக் கோட்டைப் பாருங்கோ. சும்மா உடம்பு வைச்ச பிள்ளை பொதுவா உயரமும் வளரும். நிறை ஏற உயரம் நிண்டால்தான் குஷிங் நோயை, அதாவது கபச்சுரப்பிக் கட்டியால கோட்டிசோல் ஓமோன் கூடுற நோயை யோசிக்கிறது.

விடியத் தலையிடி, சத்தி, பக்கவாட்டுப் பார்வை குறையிறது, இரவில எழும்பித் தண்ணி குடிச்சுச் சலம் போறது, இதில ஒண்டு உயரம் நிற்கிறதோட சேர்ந்தாலும் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்க வேண்டாம். பழைய படங்களையும் கொண்டுவரச் சொல்லுங்கோ. போனைக் கிட்டப் பிடிச்சு எடுத்த படம் மூக்கைப் பெருப்பிக்கும். புதுசா எடுக்கிறதெண்டால் ஒன்றரை மீற்றர் தள்ளி நிண்டு, நேராகவும் பக்கவாட்டாகவும் எடுக்கவேணும்.

முல்லைத்தீவு, பாடசாலைப் பற்சிகிச்சை:
இன்னொண்டு. கட்டிச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு, குறைஞ்ச கோட்டிசோலுக்குப் பதிலா ஹைட்ரோகோட்டிசோன் குளிசை எடுக்கிற பிள்ளைக்குப் பல் பிடுங்க முதல், அண்டைக்கு டோஸ் கூட்டவேணுமோ எண்டு பார்க்கிற டொக்டரிட்டக் கேட்டு எழுதி வாங்குங்கோ. பல்லு நோவால சாப்பிடாத பிள்ளைக்கும் அந்தக் குளிசையை நிற்பாட்டக்கூடாது. சத்தி எடுத்துக் குளிசை தங்காட்டில் ஊசிக்கு உடனே ஆஸ்பத்திரி.