5 நிமிடங்களுக்கு ஒருமுறை உறையும் போஸ்ட்கிரெஸ் சர்வர்

கேள்வி: எங்கள் போஸ்ட்கிரெஸ் 13 தரவுத்தள சர்வர் 5 நிமிடங்களுக்கு ஒருமுறை சில விநாடிகள் அப்படியே நின்றுவிடுகிறது. கிரான் பணிகளை (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை) நிறுத்திப் பார்த்தும் பயனில்லை. வேறு எங்கே தேடுவது?

பதில் 1: அந்த இடைவெளியே துப்பு, செக்பாயிண்ட் டைம்அவுட்டின் இயல்பு மதிப்பு 5 நிமிடம்தான். நினைவகத்தில் மாறிய தரவுப் பக்கங்கள் ஒவ்வொரு செக்பாயிண்ட்டின்போதும் டிஸ்க்கில் எழுதப்படுவதால், அந்த எழுத்து குறுகிய நேரத்தில் குவிந்தால் மற்ற வினவல்கள் காத்துக்கிடக்க நேரிடும். செக்பாயிண்ட் விவரங்களை லாகில் பதியச் செய்து, நேரங்கள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

பதில் 2: செக்பாயிண்ட் எழுத்தை இடைவெளியின் எவ்வளவு பங்கில் பரப்புவது என்பதைச் சொல்வது கம்ப்ளீஷன் டார்கெட். 13-ஆம் பதிப்பில் அதன் இயல்பு மதிப்பு 0.5, 14 முதல் 0.9. அதை உயர்த்துங்கள். டைம்அவுட்டைக் குறைக்கும் ஆசை பலருக்கும் வரும். வேண்டாம், ஒவ்வொரு செக்பாயிண்ட்டுக்குப் பிறகும் ஒரு பக்கம் முதன்முறை மாறும்போது அதை முழுதாக லாகில் எழுதும் முழுப்பக்கப் பதிவுகள் பெருகும்.

கேட்டவர்: நேரங்கள் பொருந்துகின்றன. ஆனால் எழுதியவை டிஸ்க்கில் உறுதியாகச் சேரக் காத்திருக்கும் சிங்க் கட்டம்தான் நீள்கிறது.

பதில் 1: அப்படியானால் லினக்ஸ் கெர்னல் எழுத வேண்டியதைச் சேர்த்துவைத்து ஒரேயடியாகத் தள்ளுகிறது. எவ்வளவு சேர்ந்ததும் கெர்னல் பின்னணியில் எழுதத் தொடங்கும் என்பதைச் சொல்லும் டர்ட்டி பேக்ரவுண்ட் பைட்ஸ் வரம்பைக் குறைத்துப் பாருங்கள்.