சந்தால் பண்பாடும் சமூக ஊடகமும்: காப்பா, கரைப்பா?

கேள்வி (மொரீசியசின் ரோஸ் ஹில், ஆசிரியை):
1834ஆம் ஆண்டு அட்லஸ் கப்பலில் மொரீசியசுக்கு வந்திறங்கிய 36 ஒப்பந்தத் தொழிலாளர்கள் இந்தியாவின் சோட்டா நாக்பூர் மலைப்பகுதிப் பழங்குடியினர் என்று வகுப்பில் சொன்னேன். உடனே ஒரு மாணவி, அப்பகுதியில் வாழும் சந்தால் மக்களின் சோஹ்ராய் நடனத்தைக் கைப்பேசியில் காட்டினாள். மாடுகளைப் போற்றும் அந்த அறுவடைத் திருவிழா அரை நிமிடமாகச் சுருங்கியிருந்தது. மத்தளத்துக்குப் பதில் ஏதோ திரைப்பாட்டு ஒலித்தது. சமூக ஊடகம் அவர்களுடைய அடையாளத்தைக் காக்கிறதா, கரைக்கிறதா?

மறுமொழி (போர்ட் லூயிஸ்):
அம்மா, எழுத்தைப் பொறுத்தவரை காக்கிறது என்றே சொல்வேன். சந்தால் மக்களின் சந்தாலி மொழிக்கென ரகுநாத் முர்மு 1925இல் உருவாக்கிய ஒல் சிக்கி எழுத்து, கணினி எழுத்துத் தரமான யூனிகோடில் 2008இல் சேர்ந்த பிறகுதான், வங்காளம், ஒடியா, தேவநாகரி, ரோமன் என மாநிலத்துக்கும் மதத்துக்கும் ஏற்பப் பிரிந்து எழுதிவந்தவர்கள் கைப்பேசியில் தம் சொந்த எழுத்தில் உரையாட வழி பிறந்தது. 2018இல் சந்தாலி விக்கிப்பீடியாவும் வந்துவிட்டது. 1998இல் மொரீசியஸ் ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்தின் இடத்துக்காகப் போராடிய நமக்கு இதன் அருமை தெரியும்.

மறுமொழி (காத்ர் போர்ன்):
எழுத்து சரி, ஐயா. சடங்கின் நிலை வேறு. பாஹா என்னும் சந்தால் மலர் விழாவில், ஜாஹேர் என்னும் புனிதச் சோலையில் பூசாரி தரும் சால் மரத்து மலரைப் பெண்கள் கூந்தலில் சூடுகிறார்கள். அதற்கு முன் புதுப் பூவைச் சூடாமல் காத்திருப்பதே மரபு. காணொளியில் பூ தெரிகிறது, காத்திருப்பு தெரிவதில்லை. நம் தைப்பூசத்திலும் அலகைத்தான் படமெடுக்கிறார்கள், பத்து நாள் விரதத்தை அல்ல.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அடுத்த வகுப்பில் அந்தச் சால் மலரிலிருந்தே தொடங்குகிறேன்.