வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம்: தொழில் வழிகாட்டல் என்று என்னத்தைச் சொல்லிக்கொடுப்பது?

கேள்வி: புவியியல் டீச்சர், முள்ளியவளைப் பக்கம்

வணக்கம். நான் படிப்பிப்பது புவியியல். தவணை தொடங்கிய கிழமை அதிபர் கூப்பிட்டு, "டீச்சர், தொழில் வழிகாட்டலையும் நீங்களே பாருங்கோ" என்றார். ஏன் நான் என்று கேட்டேன். "உங்களுக்குத்தானே வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம் சும்மா இருக்கு" என்றார். அவ்வளவுதான் என் தகுதி.

இதற்கென்று அலுமாரியில் ஒரு கோப்பு இருக்கிறது. திறந்து பார்த்தால் பல்கலைக்கழக அனுமதிக் கைநூல் ஒன்று, பழையது, ஓரமெல்லாம் கறையான். ஒரு வங்கிக் கலண்டர். எப்போதோ நடந்த கருத்தரங்குக்கு வந்தவர்களின் கையெழுத்து.

போன வெள்ளி தரம் 11க்குப் போனேன். 32 பிள்ளைகள். கொப்பியில் ஒற்றை கிழித்து, பெயர் போடாமல், என்ன வேலை செய்ய விருப்பம் என்று எழுதச் சொன்னேன். இரவு வீட்டில் வைத்துப் பிரித்தேன். டொக்டர், இன்ஜினியர் என்று 11. டீச்சர் 7; அதில் பாதி என் முகத்துக்காக எழுதியது. வங்கி 3, பொலிஸ் 2, வெறும் ஒற்றை 2. "வெளிநாடு" என்று 6. வெளிநாடு ஒரு வேலையா என்று கேட்டால் அவர்கள் என்னைத்தான் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

மிச்சம் ஒன்று. அதில் "லான்ட்மாஸ்டர் இன்ஜின் கழட்டிப் பூட்டுற வேலை" (லான்ட்மாஸ்டர் என்றால் இரண்டு சில்லு உழவு இயந்திரம்) என்று எழுதி, அதன்மேல் நாலைந்து தடவை கோடு இழுத்து வெட்டி, கீழே "இன்ஜினியர்" என்று எழுதியிருந்தது. வெட்டிய இடத்தில் பேனை முனை ஒற்றையைத் துளைத்துவிட்டது.

பெயர் இல்லாவிட்டால் என்ன, கையெழுத்து எனக்குத் தெரியாதா? கணிதத்தில் தவணைப் பரீட்சைக்கு 31 எடுத்தவன். ஆனால் போன மாதம் பள்ளிக்கூடத் தண்ணி மோட்டர் ஓடியும் தண்ணி ஏறாமல் நின்றபோது, குழாயில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஃபுட் வால்வு பிடிக்குதில்லை டீச்சர், தண்ணி திரும்பக் கிணத்துக்குள்ள இறங்குது" என்று சொன்னவனும் அவன்தான். மேலே இழுத்துப் பார்த்தால் வால்வுக்குள் ஒரு மாவிலைத் துண்டு.

இவனுக்கு நான் என்ன சொல்வது? இன்ஜினியர் ஆகலாம் என்று சொன்னால் பொய். ஆகமாட்டாய் என்று சொல்ல எனக்கு யார் உரிமை தந்தது? எங்கள் பள்ளிக்கூடத்தில் ஏ/எல்லுக்கு (உயர்தரத்துக்கு) கலையும் வர்த்தகமும் மட்டும்தான். கையில் இருப்பது கிழமைக்கு 40 நிமிடம்.

ஒரு வேண்டுகோள். ஊக்கப் பேச்சாளரைக் கூப்பிடச் சொல்லாதீர்கள். போன வருடம் ஒருவர் வந்து கனவு காணுங்கள் என்று இரண்டு மணித்தியாலம் கத்தினார். பின்வரிசை சொன்னபடி செய்தது.

பதில் 1: கராஜ்காரன், கிளிநொச்சி

டீச்சர், அந்தக் கோட்டை நானும் ஒருகாலம் இழுத்தவன். 2009 மார்கழியில் முகாமில் இருந்தபடி ஓ/எல் (சாதாரண தரம்) எழுதினேன். கணிதம் இல்லை. அப்புறம் வவுனியாவில் ஒரு கராஜில் கையாளாக நின்றேன், எட்டு வருடம். சாவி எடுத்துக்கொடு, டீசலில் கழுவு, தேத்தண்ணி வாங்கி வா. நாலாம் வருடமே முழு இன்ஜினையும் தனியாக இறக்கி ஏற்றுவேன். ஆனால் ஆர் கேட்டாலும் "கராஜில நிக்கிறன்" என்றுதான் சொல்வேன். மெக்கானிக் என்று சொல்ல வாய் வராது. பேப்பர் இல்லையே.

பேப்பர் எடுக்கலாம் என்று எனக்குச் சொன்னது ஒரு டீச்சரோ சேரோ இல்லை, உதிரிப்பாகக் கடைக்காரர். தேசிய தொழில் தகைமை, நாங்கள் என்.வி.கியூ. என்கிறது. பாடநெறிக்குப் போகாமலே, செய்த வேலையை வைத்து மதிப்பிட்டுத் தரும் வழி ஒன்று அதில் இருக்கிறது. நைற்றா என்கிற அரச தொழிற்பயிற்சி அதிகாரசபை மூலம் விண்ணப்பித்தேன். இரண்டு பேர் வந்தார்கள். எழுதச் சொல்லவில்லை, செய்து காட்டச் சொன்னார்கள். வால்வ் இடைவெளி வைத்தேன். "எத்தனை வைத்தாய்?" என்று ஒருவர் கேட்டார். எனக்குக் கைக்கணக்குத்தான் தெரியும். பீலர் கேஜைத் தந்து அளக்கச் சொன்னார். அளந்தேன், சரியாகத்தான் இருந்தது. அவர் சிரித்துவிட்டு, "தம்பி, இனிமேல் இலக்கத்தைச் சொல்லப் பழகு" என்றார். அந்த ஒரு வசனத்துக்குத்தான் நான் எட்டு வருடம் காத்திருந்திருக்கிறேன்.

உங்கள் பெடியனுக்கு ஏணியைக் காட்டுங்கோ. 1 முதல் 4 வரை சான்றிதழ். 5, 6 டிப்ளோமா. 7 பட்டம். இரத்மலானையில் தொழில்நுட்பவியலுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. இந்த ஏணியால் ஏறி வருகிறவனை அது எடுக்கும், ஏ/எல் கணிதப் பிரிவுதான் வேண்டும் என்று நிற்காது. ஏறி முடிக்கப் பல வருடம் போகும். ஆனால் எந்தப் படியில் நின்றுவிட்டாலும் அந்தப் படிக்குச் சம்பளம் உண்டு. ஏ/எல் அப்படி இல்லை, பாருங்கோ. மூன்று தடவை எழுதி வராவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

கிட்டவே அறிவியல்நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது, 2016இல் திறந்தது. வாகனம், உணவு, கணினி எல்லாம் உண்டு. மொரட்டுவையில் இருக்கிற பழைய "ஜேர்மன் ரெக்" பயிற்சி நிறுவகத்தோடு குழப்பாதீர்கள், அது வேறு. தகைமை பாடநெறிக்குப் பாடநெறி வித்தியாசப்படும். போய்க் கேளுங்கோ, போனில் கேட்டால் பாதிதான் விளங்கும்.

பதில் 2: நெடுங்கேணி அம்மா

மேலே எழுதிய தம்பியின் உழைப்புக்கு வணக்கம். ஆனால் எனக்கு இந்தக் கதையில் ஒரு கோபம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். நகரத்துப் பிள்ளை கணிதத்தில் 31 எடுத்தால் அவனுக்கு டியூசன் மாஸ்டர் பிடிப்பார்கள். வன்னிப் பிள்ளை 31 எடுத்தால் ஸ்பானர் பிடிக்கச் சொல்கிறோம். 31க்கும் எஸ்ஸுக்கும் (சாதாரண சித்திக்கும்) நாலு மார்க்ஸ் டீச்சர். நாலே நாலு.

இன்னொன்று. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், மிச்ச 5 வீதம் வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா நாலும் அந்த 5க்குள் வரும். நல்ல விசயம்தானே என்று நானும் நினைத்தேன். என் மகளுக்கு ஏ/எல் முடிந்த பிறகுதான் தெரிந்தது, கலைப்பிரிவுக்கு இந்த மாவட்டக் கணக்கு இல்லை, முழுக்க அகில இலங்கைத் திறமை. அவள் படித்த பள்ளிக்கூடம் 1சி தரம், உங்களுடையதைப் போல ஏ/எல்லில் கலையும் வர்த்தகமும்தான். விஞ்ஞானம் இல்லை. அதாவது எங்கள் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய கதவு ஒன்று இருக்கிறது, அந்தக் கதவுக்குப் போகிற பாடங்களில் வர்த்தகத்தைத் தவிர ஒன்றும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இல்லை.

இதைத் தரம் 9இல், 10இல் ஒருவர் சொல்லியிருந்தால் நான் காதை அடகு வைத்தாவது (தோட்டைத்தான் சொல்கிறேன்) அவளை விடுதியில் விட்டிருப்பேன். நாடகமும் அரங்கியலும் அவளுக்குப் பிடிக்கும்தான். ஆனால் பிடித்து எடுத்தாளா, வேறு இல்லாமல் எடுத்தாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

அதனால் உங்கள் 40 நிமிடத்தை தரம் 11க்கு மட்டும் செலவழிக்காதீர்கள். 9க்கும் போங்கள். டொக்டர் என்று எழுதிய பிள்ளைகளிடம், உயிரியல் இருக்கிற 1ஏபி பள்ளிக்கூடம் (ஏ/எல்லில் விஞ்ஞானமும் உள்ளது) எது, அங்கே போக பஸ் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். யாழ்ப்பாணத்துக்கு மாற்றுவதென்றால், எந்த மாவட்டக் கணக்கில் பிள்ளை சேரும் என்பதைக் கைநூலில் பார்த்துவிட்டு மாற்றச் சொல்லுங்கள். கறையான் அரித்ததில் இல்லை, புதியதில்.

பதில் 3: பிரதேச செயலகத்தில் வேலை செய்பவன்

நான் சுருக்கமாகச் சொல்கிறேன், அலுவலகத்தில் இருந்து எழுதுகிறேன்.

டீச்சர், உங்கள் பிரதேச செயலகத்தில் மனிதவலு, வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தர் இருப்பார். தொழில் வழிகாட்டல் அவருடைய வேலை. உங்களிடம் இருக்கும் கோப்பு மாதிரி இல்லை, அவரிடம் நடப்புப் பாடநெறிகளின் விபரம் இருக்கும். அதிபர் ஒரு கடிதம் தந்தால் பள்ளிக்கூடத்துக்கே வருவார். நாங்கள் காத்துக்கொண்டுதான் இருக்கிறோம், ஒருவரும் கூப்பிடுவதில்லை.

13 வருட உத்தரவாதக் கல்வி என்று ஒன்று 2017இல் தொடங்கியது. ஓ/எல் பெறுபேறு எப்படி இருந்தாலும் தரம் 12இல் தொழிற்பாடப் பிரிவில் சேரலாம், முடிவில் என்.வி.கியூ. 4 வரை போகலாம். எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இல்லை. உங்கள் வலயத்தில் எங்கே என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். இது தெரியாமல் ஓ/எல்லோடு நின்ற பிள்ளைகளை நான் மாதாமாதம் பார்க்கிறேன்.

"வெளிநாடு" என்று எழுதிய ஆறு பேரையும் சிரித்துவிட்டு விடாதீர்கள். முகவரிடம் காசு கட்டமுன் அவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பார்க்கவாவது பழக்குங்கள். போகிறவன் போவான். கையில் ஒரு தொழிலோடு போனால் பரவாயில்லை.

புவியியல் டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. நெடுங்கேணி அம்மா, உங்கள் நாலு மார்க்ஸ் என்னை இரவு தூங்கவிடவில்லை. கணித சேரிடம் பேசினேன். செவ்வாயும் வியாழனும் பள்ளிக்கூடம் விட்டபிறகு அரை மணித்தியாலம் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

இந்த வெள்ளி வகுப்பில் பேசவில்லை. ஆளுக்கு ஒரு கேள்வித்தாள் கொடுத்து, ஊரில் உழைக்கிற ஒருவரிடம் போய் மூன்று கேள்வி கேட்கச் சொன்னேன்: இந்த வேலையை ஆரிடம் பழகினீர்கள், எத்தனை வருடம் எடுத்தது, திரும்பப் படிக்கலாம் என்றால் என்ன படிப்பீர்கள். திங்கட்கிழமையே பதில்கள் வந்துவிட்டன. அரிசி ஆலைக்காரர், தையல் அக்கா, நந்திக்கடலில் றால் பிடிக்கிற ஒருவர், மருந்துக்கடைப் பிள்ளை. தையல் அக்காவிடம் மூன்று பேர் போயிருக்கிறார்கள். மூன்றாவது ஆளுக்கு அவர் பதில் சொல்லாமல் பொத்தான் தைக்கக் கொடுத்துவிட்டாராம்.

நம்ம ஆள் தன் மாமாவிடமே போயிருக்கிறான். மாமாவின் பதில்: "ஆரும் பழக்கேல்ல, பாத்துப் பழகினது. திரும்பப் படிக்கிறதெண்டா கரண்ட் வேலை." ஏணியைக் கரும்பலகையில் கீறிக் காட்டினேன். பாடம் முடிந்து எல்லோரும் போன பிறகு வந்து நின்றான். "டீச்சர், மாமாவும் இதுக்குப் போடலாமோ?" என்று கேட்டான். தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

கராஜ்காரத் தம்பி, வருகிற மாதம் ஒரு நாள் பத்துப் பிள்ளைகளோடு அறிவியல்நகருக்கு வர அதிபர் சம்மதித்திருக்கிறார். புதுக்குடியிருப்பு, பரந்தன் வழியால் வருவதா நல்லது?

கராஜ்காரன், கிளிநொச்சி

அந்த வழியால வந்தால் கிளிநொச்சி டவுனையும் தாண்ட வேணும் டீச்சர். ஒட்டுசுட்டான் வழியால மாங்குளம் வந்து ஏ9இல் ஏறுங்கோ. கிளிநொச்சி டவுனுக்கு முதலே அறிவியல்நகர் வந்துவிடும். முதலே கடிதம் போட்டு நாள் எடுத்துக்கொண்டு வாங்கோ. நானும் கராஜைப் பூட்டிவிட்டு வந்து நிற்கிறேன்.

பிள்ளைகளைச் சப்பாத்துப் போட்டு வரச் சொல்லுங்கோ. செருப்போட வேர்க்சொப்புக்குள்ள விடமாட்டினம். மாமாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.